வெண்டர் பெட்டியின் மஞ்சள் கோடுகள்

கடல் வந்து நின்றுவிடுகிற இடத்தில் தண்டவாளமும் நின்றுவிடுகிற ஊர் கடையன்குடா. அங்கிருந்து காலை ஆறே காலுக்குக் கிளம்பி, உப்போடையில் இரண்டு நிமிஷம் நின்று, எட்டு மணிக்கெல்லாம் மேலப்பேட்டைக்குப் போய்ச் சேருகிற பாசஞ்சர் ரயிலின் கடைசிப் பெட்டியில், ஜன்னல்களுக்கு மேலே, மூன்று மஞ்சள் கோடுகள் சாய்வாகப் போட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் நாலு விரல் அகலம். அந்தக் கோடு இருந்தால் அது வெண்டர் பெட்டி. கூடைக்காரர்கள் அதில்தான் ஏற வேண்டும், மற்றவர்கள் அதில் ஏறக் கூடாது. மரியபுஷ்பமும் அவளோடு கருவாட்டு வியாபாரம் பார்க்கிற நாற்பத்திரண்டு பெண்களும் அந்தக் கோட்டைப் பார்த்து ஏறி, அதற்குக் கீழே முதுகைச் சாய்த்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, சண்டை போட்டு, சமாதானமாகி, சரக்கைக் கொண்டுபோய் விற்று, வெறுங்கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மூன்று கோடுகளும் ஒரு திங்கள்கிழமை காலையில் அவர்களுடைய வலது கைகளில் இருந்தன.

நடந்தது இதுதான். இந்தப் பாசஞ்சருக்கு ஒரு பேரும் ஒரு முகமும் வேண்டும் என்று கிளை ரயில் அலுவலகத்துக்குத் தோன்றிவிட்டது. வண்டி நேரத்துக்கு வரவேண்டும், கக்கூஸில் தண்ணீர் வரவேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை, முகம் வேண்டும் என்று தோன்றியது. எட்டுப் பெட்டிகளுக்கும் கடல் நீலம் அடித்து, நடுவில் ஒரு டால்பின் மீனைத் துள்ளவிட்டு, 'கடலரசி' என்று வளைத்து எழுதினார்கள். கடையன்குடாக் கடலில் டால்பினைப் பார்த்தவர் யாருமில்லை, கருவாட்டைப் பார்க்காதவர் யாருமில்லை. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் டால்பின்தான் தெரியும்போல. பெயிண்ட் அடித்த காண்ட்ராக்ட்காரர்கள் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே நீலத்தை அப்பிவிட்டார்கள். அடியில் கிடந்த கோடுகளுக்கு மூச்சு முட்டியது. அவை எங்கேயாவது போக வேண்டுமே, தங்களைத் தெரிந்தவர்களிடம் போயின.

தோளிலிருந்து முழங்கை வரை, சாய்வாக, பளிச்சென்று மூன்று கோடுகள். கிட்டப் போனால் புது எனாமல் வாசனை அடித்தது. மரியபுஷ்பம் முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தாள், தோல் சிவந்ததே தவிர மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. எதிர்வீட்டுக் குருவம்மா தன் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

"மதினி, ஒனக்குமா?"

"எனக்குந்தான். போற வாரப் புள்ளைவ எல்லாத்துக்கும் இருக்கும், போயிப் பாரு. இதத் தேச்சுக்கிட்டு நின்னா வண்டி போயிரும், கூடையத் தூக்கு" என்றாள் மரியபுஷ்பம்.

கூடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோதுதான் கை பெரிய விஷயமில்லை என்று தெரிந்தது. கடைசிப் பெட்டியின் தண்டவாளப் பக்கத்து வாசலில் ரயில் கார்டு குணசீலன் குறுக்கே நின்றார். சர்வீஸில் ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷன். ரயில் விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சாப்பிடுவார்.

"கோடு போட்ட பெட்டி இல்லம்மா. கோடு இல்லாத பெட்டியில கூடைய ஏத்த விதி கெடையாது. நீங்க வெலகி நிக்காம நான் பச்சைக் கொடி காட்ட மாட்டேன்."

"கோடு எங்க கையில இருக்கு, பாத்துக்கிடும்."

குணசீலன் பார்த்தார். அவருக்கு ஆச்சரியமில்லை. "கையில இருந்தா ஆச்சா? வண்டியில இருக்கணும்" என்றார்.

நாற்பத்து மூன்று பேரையும் ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, பெண்டாட்டிக்குப் பயந்த மாப்பிள்ளை மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்து போனது கடலரசி. ஸ்டேஷன் சுவரில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அதை வாசித்துச் சொன்னாள். புதிய வண்ணத்தின் அழகைக் காக்கும் பொருட்டு, கூடைகளும் துர்நாற்றம் வீசும் பொருட்களும் வண்டியில் அனுமதிக்கப்பட மாட்டா. துர்நாற்றம் என்ற சொல்லை மரியபுஷ்பம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மற்ற நாட்களில் தெருத்தெருவாகக் கூவி விற்பார்கள், வியாழக்கிழமை மேலப்பேட்டைச் சந்தையில். அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்காருகிற இடம் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து வருவது. ஒன்பது சந்தை தொடர்ந்து வராவிட்டால் இடம் போய்விடும், முதலில் சாக்கு விரிக்கிறவருக்குச் சொந்தம். சரக்கு இல்லாமல் சும்மா போய் உட்கார்ந்தால் அது வந்ததாகாது. காலை ஒன்பதரைக்குச் சந்தை மணி அடிப்பதற்குள் சரக்கை விரித்தாக வேண்டும். புளியமரத்துக்கு மேற்கே, அரிசிக்கடைச் சுவரை ஒட்டி, மரியபுஷ்பத்தின் இடம். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷத்தில், மற்ற கருவாட்டுக்காரிகளோடு அடிதடி சண்டை போட்டுப் பிடித்த இடம் அது. அந்த ஆறடி மண்ணைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கென்று வேறு இடமில்லை.

ரயில் இல்லையென்றால் பஸ். பஸ் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கையை ஆட்டினார். ஷேர் ஆட்டோக்காரன், "எக்கா, ஒங்கள ஏத்திக்கிடுவேன், கூடைய ஏத்தினா நாளைக்கு எவனும் என் வண்டியில ஒக்கார மாட்டான்" என்றான். நடந்து போகலாமென்றால் முப்பத்தோரு கிலோமீட்டர். முதல் சந்தை போயிற்று. இரண்டாவது சந்தையும் போயிற்று.

ஊர் இதற்குள் கோடுகளுக்குப் பழகிவிட்டது. மருந்துக்கடைக் கம்பவுண்டர் ஒரு களிம்பு கொடுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது, மழையில நனைஞ்சாலும் போகாது, நல்ல பெயிண்டு" என்று சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை, கோயில் கதவுக்கு வர்ணம் அடிக்க வேண்டியிருப்பதை மட்டும் நினைவுபடுத்தினார். ரேஷன் கடையில் அட்டையை மறந்து வந்தவளிடம் கையைக் காட்டச் சொல்லி அரிசி போட்டார்கள். கோடுகள் யாரையும் விட்டுவைக்கவில்லை. வெண்டர் பெட்டியில் ஏறிப் படுத்துத் தூங்குவதையே உத்தியோகமாக வைத்திருந்த ஒரு டிக்கெட் பரிசோதகருக்கு ஒரே ஒரு கோடு வந்தது, அவர் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். மேலப்பேட்டையில் வாக்கப்பட்டு, கருவாடு என்றால் என்னவென்றே தெரியாது என்று மாமியார் வீட்டில் சொல்லிவைத்திருந்த சீனிப்பொன்னுக்கும் வந்தது, பழைய பெயிண்ட் மாதிரி மங்கலாக. ஆத்தாள் மடியில் உட்கார்ந்து அந்தப் பெட்டியில் போய்வந்து, படித்து, பாங்கியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளுக்குக் குழந்தைக் கை அளவில் மூன்று குட்டிக் கோடுகள் வந்தன. அவர் அழுதார் என்று சிலர் சொன்னார்கள். அன்றைக்கே கைவைக்காத ரவிக்கை தைக்கக் கொடுத்தார் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் நடந்திருக்கும்.

அந்த ரவிக்கையிலிருந்துதான் வினை பிடித்தது. பாங்கி அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் மேலப்பேட்டைக் கல்லூரிப் பெண்கள் கையில் மஞ்சள் கோடு வரைந்துகொண்டு போட்டோ எடுத்தார்கள், ஜவுளிக்கடையில் மூன்று கோட்டுச் சேலை வந்தது, ஒரு கட்சிக்காரர்கள் அது தங்கள் கொடியின் நிறம் என்றார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் அப்படியானால் அதை மறைக்க வேண்டும் என்றார்கள், பேக்கரியில் மூன்று கோட்டு கேக் விற்றது. டிவிக்காரர்கள் மைக்கோடு வந்து, "இந்தக் கோடு வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள்.

"கோடு வந்தது இருக்கட்டும். பெட்டி போச்சே, அதக் கேளுங்க" என்றாள் மரியபுஷ்பம். அதை வெட்டிவிட்டுக் கையை மட்டும் காட்டினார்கள்.

எல்லோருக்கும் கோடு வேண்டும், ஒருத்தருக்கும் கூடை வேண்டாம். மரியபுஷ்பம் வீட்டில் நெத்திலி ஒரு மூட்டை, சாளை இரண்டு மூட்டை, ஈரக்காற்றில் நமுத்துப்போய்க் கிடந்தன. அவள் அதைக் காலையில் வெயிலில் விரிப்பாள், சாயங்காலம் அள்ளுவாள், மறுநாளும் விரிப்பாள், மறுநாளும் அள்ளுவாள். அப்படியே ஆறு சந்தை போயிற்று.

ஏழாவது சந்தைக்கு முந்தின நாள், கிளை அலுவலகத்திலிருந்து ஹரிஹரசுதன் என்ற அதிகாரி காரில் வந்து இறங்கினார். வண்டிக்கு முகம் தேடுகிற வேலை அவருடையது. டால்பின் எடுபடவில்லை, கோடு எடுபடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயசு, பணிவான பேச்சு. மரியபுஷ்பத்தை அவர் 'மேடம்' என்றார். ஜென்மத்தில் அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், உங்க கோடு சாதாரணம் இல்ல. அது இந்த மண்ணோட உழைப்பு. அத நாங்க மக்கள்கிட்ட கொண்டு போகணும்னு நினைக்கிறோம்."

"கோட்டக் கொண்டு போறது இருக்கட்டும் சார். நாங்க கூடைய எதுல கொண்டு போறது?"

"அதையும் கட்டாயம் பாக்குறோம் மேடம்."

"பெட்டி வருமா சார்? வெண்டர் பெட்டி?"

"நல்ல செய்தி வரும் மேடம். இப்ப கொஞ்சம் சிரிங்க."

அவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கருவாடு படத்தில் சரியாக விழாது என்று அவர்கள் ஒரு புதுக் கூடையைக் கொடுத்தார்கள், அதில் பிளாஸ்டிக் செம்பருத்திப் பூ நிறைத்திருந்தது. இடுப்பில் வைக்கச் சொன்னார்கள், தலையைச் சாய்க்கச் சொன்னார்கள், கோடு தெரியும்படி தோளைத் திருப்பச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். பெட்டி வரும் என்று நம்பி, அவள் பல் தெரிய, கண் சுருங்க, கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத சிரிப்பைச் சிரித்துக் கொடுத்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் பின்னால் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கி வந்தது. களவு கொடுத்தால்கூடத் தாங்கலாம், இளித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்ததை எப்படித் தாங்குவது?

எட்டாவது சந்தையும் போன சனிக்கிழமை, வண்டி புதுக் கோலத்தில் வந்து நின்றது. எட்டுப் பெட்டிகளிலும் முன்னிருந்து பின்வரை சாய்வாக மஞ்சள் கோடுகள், அதே மூன்று, அதே நாலு விரல் அகலம், அளந்து போட்டிருந்தார்கள். நடுப்பெட்டியில் இரண்டு பக்கமும் ஸ்டிக்கரில் மரியபுஷ்பத்தின் முகம், வாசலுக்கு வாசல் அகலம், தரையிலிருந்து கூரை உயரம். ஒவ்வொரு பல்லும் ஒரு முறம் அளவு. கீழே, 'உழைப்பின் வண்ணம், உங்கள் பயணம்.' அதற்கும் கீழே, வாசலுக்கு வாசல், கூடை படம் போட்டுச் சிவப்பில் குறுக்கே ஒரு கோடு. கூடவே அழைப்பிதழும் வந்தது: வருகிற வியாழன் தொடக்க விழா, அன்றைக்கு மட்டும் வண்டி ஏழரைக்கு, மரியபுஷ்பம் மேடையில் உட்கார வேண்டும், கூடை வேண்டாம்.

குருவம்மா அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மதினி செய்யப் போற?"

மரியபுஷ்பம் அழைப்பிதழை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு, "அந்தக் குணசீலன் நம்மள ஏத்தாம விட்டது எத வச்சு?" என்றாள்.

"கோடு இல்லன்னு."

"இப்ப எத்தனை பெட்டியில கோடு இருக்கு?"

குருவம்மா விரல்விட்டு எண்ணவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, மற்றவர்களுக்குச் சொல்லவும் மேலப்பேட்டைச் சீனிப்பொன்னுக்குச் சொல்லி அனுப்பவும் போனாள்.

கடையன்குடாப் பெண்கள் ஒருநாளும் பிளாட்பாரப் பக்கமாகச் சரக்கு ஏற்றியதில்லை. பிளாட்பாரம் கால்சட்டைக்காரர்களுக்கு. இவர்கள் மறுபக்கம், சரளைக்கல்லில் நின்று, ஒருத்தி தோளுக்கு ஒருத்தி தோள் கொடுத்து, கையிலிருந்து கைக்குக் கூடை மாற்றி, எஞ்சின் விசில் அடித்து முடிவதற்குள் நாற்பத்து மூன்று கூடைகளையும் நாற்பத்து மூன்று பெண்களையும் ஏற்றிவிடுவார்கள். பேச்சே இருக்காது. ரயில்வே ஆட்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததுகூடக் கிடையாது.

வியாழன் காலை, பிளாட்பாரத்தில் பந்தல், மாலை, நாதஸ்வரம். தலைமை விருந்தினர் உழைக்கும் பெண்களின் வியர்வையைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் மரியபுஷ்பத்தின் நாற்காலி காலியாக இருப்பதை ஹரிஹரசுதன் மூன்று தரம் எட்டிப் பார்த்தார். வியர்வையிலிருந்து விருந்தினர் கண்ணீருக்கு வந்தபோது மறுபக்கத்தில் முதல் கூடை ஏறியது. கண்ணீரிலிருந்து தாய்மைக்கு வந்தபோது இருபது கூடைகள் ஏறியிருந்தன. தாய்மை முடிந்து எல்லோரும் கைதட்டியபோது, பந்தலுக்குள் கருவாட்டு வாசனை மெதுவாக நடந்துவந்து முதல் வரிசையில் உட்கார்ந்தது.

திரும்பிப் பார்த்தார்கள். எட்டுப் பெட்டிகளிலும் பெண்கள். புது ஸீட்டுகளில், ரிப்பன் கட்டிய ஸீட்டுகளில், விருந்தினர்களுக்கென்று வெள்ளைத் துணி விரித்திருந்த ஸீட்டுகளில், கூடையும் மூட்டையுமாகப் பெண்கள். தன் புருஷனுக்குத் தெரியாமல் வந்திருந்த சீனிப்பொன்னு தலைமை விருந்தினருக்கான ஸீட்டில் இருந்தாள்.

ஹரிஹரசுதனின் பணிவு அங்கேயே கழன்று விழுந்தது. "யாரு இவங்கள ஏத்தினது? எறக்குங்க! போலீஸ்! கார்டு எங்கய்யா?"

குணசீலன் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டே வந்தார். "சார், மூணு கோடு போட்ட பெட்டி வெண்டர் பெட்டி. இதுல கூடைக்காரங்களத்தான் ஏத்தணும். மத்தவங்க ஏறினா நான் வண்டிய எடுக்க முடியாது."

"யோவ், அது டிசைன்யா!"

"டிசைன்னு விதியில எங்கயும் இல்ல சார். செவுத்து நோட்டீஸும் விதியில இல்ல."

"அப்ப நாங்க எல்லாம் எதுல போறது?"

குணசீலன் வண்டியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிதானமாகப் பார்த்தார். "கோடு இல்லாத பெட்டி இதுல ஒண்ணும் இல்ல சார். நேரமாச்சு" என்று சொல்லி, போலீஸ்காரர் இரண்டு பேரைக் கூடை இல்லாத குற்றத்துக்காகப் படியிலிருந்து இறக்கிவிட்டு, பச்சைக் கொடியை விரித்தார். மரியபுஷ்பம் அவரைப் பார்த்தாள். எட்டு வாரம் வயிற்றில் அடித்த ஆளும் இவர்தான். நன்றி சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, சொல்லவும் இல்லை.

ஏழரைக்கு வண்டி நகர்ந்தது. ஒன்பதே காலுக்கு மேலப்பேட்டை, ஒன்பதாவது சந்தைக்கு மணி அடிப்பதற்குள் சாக்கு விரித்துவிடலாம். அவள் உட்கார்ந்திருந்தது நடுப்பெட்டியில், கம்பி இல்லாத அவசர ஜன்னலுக்குப் பக்கத்தில். உள்ளே ஒரே இருட்டு. வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் ஜன்னல்கள் மேலெல்லாம் போர்த்தியிருந்தது. சில்லுச் சில்லாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, காற்று வரவேயில்லை. கூடைகளின் வாசனை உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது, குருவம்மாவுக்கே குமட்டியது. மரியபுஷ்பம் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி மேலே ஏற்றிக் கிடந்தது. அதைக்கூடப் பார்க்காமல் திறந்த ஜன்னலின் மேல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். விரல் பட்டதும் ஸ்டிக்கர் தோல் மாதிரி உள்வாங்கியது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது அவளுடைய சிரிப்பின் பின்பக்கம்.

"நான் பெட்டிக்காவ சிரிச்சேன்" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். "பூக்கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு, பைத்தியக்காரி மாதிரி, பெட்டிக்காவ சிரிச்சேன்."

மீன் கீறுகிற கத்தியை மடியிலிருந்து எடுத்து, ஒரு கடைவாயில் குத்தி, மறு கடைவாய் வரை இழுத்தாள். கிழிந்த சத்தம் பெட்டி முழுக்கக் கேட்டது. மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு, முறம் முறமாகப் பற்கள் பிய்ந்து தண்டவாளத்தின் மேல் பறந்து போயின. காற்று அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

உப்போடை ஸ்டேஷனில், புதுப் பெயிண்ட் அடித்த கடலரசியைப் பார்க்க ஊரே பிளாட்பாரத்தில் நின்றது. அவர்கள் பார்த்தது இதைத்தான். ஒரு பெட்டி அகலத்துக்கு ஒரு பெரிய பெண் முகம் வந்து நின்றது, கண் சிரித்துக்கொண்டிருந்தது, கன்னம் சிரித்துக்கொண்டிருந்தது, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிழிந்த குகை. அதற்குள்ளிருந்து நிஜமான மரியபுஷ்பம் இடுப்பு வரை வெளியே நீண்டு, இரண்டு கைநிறைய நெத்திலியை அள்ளிப் பிடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்:

"கருவாடே! நெத்திலி, சாளை, கருவாடே! வாங்குறவ கிட்ட வா, மூக்கப் பிடிக்கிறவன் அங்கிட்டுத் தள்ளி நில்லு!"